ஒழுகியது தொட்டி மட்டும்தான்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கெலாங் பாத்தாவுக்குத் தெற்கே நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், நாடு மாறுவதற்குச் சமையலறையிலிருந்து பால்கனிக்கு நடந்தால் போதும். துணி காயப்போட வெளியே வந்து நின்றதும் கைபேசி அதிர்ந்து, சிங்கப்பூருக்கு நல்வரவு என்று செய்தி காட்டும். துணிகளுக்குக் கிளிப் மாட்டிவிட்டு உள்ளே வந்தால் மலேசியாவுக்கு நல்வரவு. நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில் நிற்கும் கைபேசிக் கோபுரத்தின் அலை இந்தப் பக்கம் கொஞ்சம் பலமாக அடிப்பதால் வரும் வினை இது. வந்த புதிதில் அந்தச் செய்திகளைப் படம் பிடித்துப் பொள்ளாச்சிக்கு அனுப்புவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போனால் பேச்சு மாறும், சாப்பாட்டில் அரிசி மாறும், கைபேசி சும்மா இருக்கும். இங்கே வெயிலும் மழையும் கரையும் அப்படியே இருக்க, கைபேசி மட்டும் நாட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதை வெறும் வேடிக்கையாக நான் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சரவணனோடு வேலை செய்துகொண்டிருந்தேன்.

சரவணன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ட்ரோன் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் பொறியாளராக இருந்தேன். அது இன்றோ நாளையோ என்று மூடும் நிலைக்கு வந்திருந்தபோது, சென்னையில் நடந்த ஒரு கண்காட்சியில் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஜோகூர்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். மற்றவர்கள் ட்ரோன் எவ்வளவு உயரம் பறக்கும் என்று கேட்பார்கள். அவர் எவ்வளவு தாழ்வாகப் பறக்கும் என்று கேட்டார். செம்பனை என்று அவர்கள் சொல்லும் எண்ணெய்ப்பனைத் தோப்புக்குள், ஓலைக்குக் கீழே, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் பறக்க முடியுமா என்றார். முடியாது என்பதுதான் அப்போது எல்லோரும் சொல்லும் பதில். ட்ரோன் செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்துத்தான் தன் இடத்தை அறிந்துகொள்ளும். அடர்ந்த ஓலைக்குக் கீழே போனால் அது கிடைக்காது, மரத்தில் முட்டி விழும். ஆனால் அதற்கு ஒரு வழியை நான் அப்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். சமிக்ஞை இல்லாவிட்டாலும், சிறிய கேமரா ஒன்று அடிமரங்களைப் பார்த்துக்கொண்டே போனால், எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று ட்ரோன் தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எங்க அம்மா தோட்டத்துல மருந்தடிச்சவங்க அக்கா,” என்றார். “முதுகுல டின்ன மாட்டிக்கிட்டு, செம்பனைக்கு அடியில களைக்கொல்லி அடிப்பாங்க. நான் பள்ளிக்கூடம் போன காலம் பூரா அதான் அவங்க வேலை. கை நகத்தப் பாத்தா உங்களுக்கு மனசு தாங்காது. அந்த வேலைய ட்ரோன் செஞ்சா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

அந்தப் பேச்சுதான் என்னைக் கொண்டுவந்தது. சம்பளத்துக்காக வந்தேன் என்று ஊரில் நினைக்கிறார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தைகளைக் கேட்காமல் இருந்திருந்தால் கோயம்புத்தூரில் வேறு வேலை தேடியிருப்பேன்.

ஒரு கடைவீட்டின் மாடியில் தொடங்கினோம். கீழே டயர் கடை. மேலே நான், சரவணன், கம்பி பற்றவைக்கும் இரண்டு பேர். மென்பொருள் முழுவதும் நான் எழுதினேன். சோதிப்பதற்குச் செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள். ட்ரோன் விழும், எடுப்போம், திருத்துவோம், மறுபடி விழும். ஒருநாள் அது வரிசை முழுவதும் எந்த மரத்திலும் மோதாமல் மருந்தடித்துவிட்டுத் திரும்பி வந்து எங்கள் காலடியில் இறங்கியது. அன்று சரவணன் தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். லெட்சுமி அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தொட்டியின் அடியைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். “அதே வாடதான் லா,” என்றார். “ஆனா நம்ம மேல படல.” சரவணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே, “அக்கா, இது நம்ம ரெண்டு பேரோட பிள்ளை,” என்றார். நான் அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இந்த ஊர்த் தமிழர்களைப் பற்றி ஊரிலிருந்து வரும் எங்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. அதே தமிழ், அதே சாமி, அதே சாம்பார். அதனால் ஒரே ஆட்கள் என்று நினைத்துக்கொள்வோம். அவர்கள் நம்மை ‘ஊர்க்காரங்க’ என்று சொல்வதை உறவுச் சொல்லாக எடுத்துக்கொள்வோம். அது வெளியாள் என்பதற்கான சொல்லும்கூட என்று புரிய எனக்கு நாளானது.

மருந்தடிக்கும் ட்ரோன் நன்றாகவே விற்றது. பிறகு ஒருநாள் சரவணன் தொட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவைப் பொருத்தச் சொன்னார். தோட்டத்துக்குள் வரும் காட்டு யானையைக் கண்டுபிடிக்க என்றார். இந்தப் பக்கம் யானைத் தொல்லை உண்டு, நம்பினேன். சில மாதங்கள் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்கள் எங்கள் செயல்விளக்கத்தைப் பார்த்தார்கள். அவர்கள் யானையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காட்டுக்குள் மனிதர் நடந்தால் தெரியுமா, சமிக்ஞையை யாராவது முடக்கினால் ட்ரோன் வழி தவறுமா என்று கேட்டார்கள். அவர்கள் நாட்டு எல்லைக் காவலுக்கு வாங்க வந்தவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஓசூரிலேயே எனக்கு இந்த விஷயம் ஓரளவு பழக்கம். செயற்கைக்கோள் இல்லாமல் வழி கண்டுபிடிக்கும் எந்தப் பொருளும் விவசாயத்துக்கும் ஆகும், போருக்கும் ஆகும். அதனால் அப்படிப்பட்டதை நாட்டுக்கு வெளியே அனுப்ப அரசாங்க அனுமதி வேண்டும். பெட்டியில் போகும் பொருளுக்கு மட்டுமல்ல, மின்னஞ்சலில் போகும் மென்பொருளுக்கும் அதே சட்டம். மலேசியாவிலும் அப்படித்தான். அன்றைக்கே சரவணனிடம் கேட்டேன்.

“தம்பி, இதுக்கு பெர்மிட் எடுக்கணுமே?”

“லாயர் பாத்துக்கிட்டு இருக்காரு அக்கா. பேப்பர் வேலதான லா. நீங்க யோசிக்காதீங்க.”

மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான்.

அதிகாரிகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். அனுமதி கிடைப்பதற்கு முன்பே எங்கள் மென்பொருள் வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்று அவர்களுக்குச் சந்தேகம். வந்தவர்கள் ஏற்றுமதி அனுமதியைக் கண்காணிப்பவர்கள் என்பதும் இதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது, வழக்கமான சோதனை என்று. வந்தவர்களில் மூத்தவர் ரோஹானா என்ற அதிகாரி. இங்கே பெண்களை மரியாதையாகப் ‘புவான்’ என்று அழைப்பார்கள். புவான் ரோஹானா மெதுவாகப் பேசுவார், பாதி மலாய், பாதி ஆங்கிலம். கூட்ட அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் சரவணன் உட்கார்ந்திருந்தார். என்னுடைய மலாய், தோட்டத்து ஆட்களிடமும் டயர் கடையிலும் பொறுக்கியது. ஆனாலும் அதிகாரியிடம் நாலு வார்த்தை மலாயில் பேசினால் மரியாதையாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

புவான் ரோஹானா என்னைப் பார்த்து, “அடா போச்சோர்?” என்றார்.

போச்சோர் என்றால் ஒழுகுவது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல். தோட்டத்தில் தொட்டி மூட்டு தளர்ந்து மருந்து சொட்டும்போதெல்லாம் ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். தொட்டி ஒழுகுகிறதா, மண்ணில் விஷம் இறங்குகிறதா என்று கேட்கிறார் என நினைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். “அடா, புவான். தியாப் மிங்கு போச்சோர்.” இருக்கிறது, வாரா வாரம் ஒழுகும். அதோடு விட்டிருக்கலாம். பொறுப்பான ஆள் என்று காட்டிக்கொள்ள, “சாயா தூத்தூப் செண்டிரி,” என்றும் சொன்னேன். நானே மூடிவிடுவேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த அதிகாரி வேகமாக எழுதினார். நான் சிரித்த முகத்தோடு சரவணனைப் பார்த்தேன், என் மலாய் எப்படி என்பது போல. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

அடுத்த வாரத் தொடக்கத்தில் அலுவலகக் கதவு என் அட்டைக்குத் திறக்கவில்லை. கீழே டயர் கடைப் பக்கம் நின்று அழைத்தேன். சரவணன் எடுக்கவில்லை. செய்தி மட்டும் வந்தது. “கொஞ்ச நாள் லீவ்ல இருங்க அக்கா. நான் பேசுறேன்.” அவர் பேசவில்லை. என் வேலை அனுமதியை நிறுவனம் ரத்து செய்யக் கேட்டிருப்பதாகக் குடிநுழைவு அலுவலகத்திலிருந்துதான் தகவல் வந்தது. விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. பொள்ளாச்சிக்குப் பேசும்போது குரலில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். வீட்டில் இருந்த அந்த நாட்களில் சரவணனுக்காகத்தான் கவலைப்பட்டேன். ஏதோ பெரிய சிக்கலில் மாட்டியிருக்கிறார், அதனால்தான் பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு என்னை ஜோகூர் பாருவில் இருக்கும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை சரவணன் இல்லை. புவான் ரோஹானா முன்னால் ஒரு கோப்பு. ஆங்கிலத்தில் கேட்டார்.

“நீங்கள் தோட்டத்தில் ட்ரோனைத் தூக்கி வைக்கும் உதவியாளர். உங்களுக்கு இந்த மென்பொருள் எப்படிக் கிடைத்தது?”

“நான்தான் அதை எழுதினேன்,” என்றேன்.

“இங்கே உள்ளூர்ப் பொறியாளர்கள் எழுதியதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டவர் யாரும் தொடவில்லை என்று.”

அவரே தொடர்ந்தார். “சரி. வாரா வாரம் எந்தக் கோப்பை வெளியே அனுப்பினீர்கள்?”

“கோப்பா? எந்தக் கோப்பு?”

“போச்சோர் என்று நீங்களே சொன்னீர்கள். வாரா வாரம். நானே மூடி மறைக்கிறேன் என்றும் சொன்னீர்கள்.”

அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது உறைத்தது. ரகசியம் வெளியே கசிவதற்கும் இவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நான் கைகளால் ஒரு தொட்டியை வரைந்து காட்டினேன். அடிப்பக்கத்து ரப்பர் வளையத்தைச் சொன்னேன், மருந்து சொட்டுவதைச் சொன்னேன். புவான் ரோஹானா பேனாவை மூடி வைத்தார்.

“அன்றைக்கு உங்கள் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தாரே,” என்றார் மெதுவாக. “என்னைவிட நல்ல மலாய் பேசுகிறவர். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டது அவருக்குத் தெரிந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை?”

பதில் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

அன்று முழுவதும் அங்கே இருந்தேன். அவர்களுடைய தொழில்நுட்ப ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ட்ரோன் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன், முதல் வரியிலிருந்து கடைசி வரை. அவர் நடுநடுவே கேள்வி கேட்டார், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். எழுதியவள் நான்தான் என்று நிரூபணமாகிவிட்டது. கோப்புகள் யாருடைய கணினியிலிருந்து போயின என்பதையும் அவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். சரவணனின் கணினியிலிருந்துதான். வாங்குகிறவர்களுக்கு அவசரம், பெர்மிட் வரும்வரை அவர் பொறுக்கவில்லை.

சரவணனைப் பார்க்க வேண்டும் என்று நானேதான் கேட்டேன். கெலாங் பாத்தாவில், நாங்கள் எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் மாமாக் கடையில் உட்கார்ந்தோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்; இது இராமநாதபுரம் பக்கத்துக்காரர் கடை. அவர் வழக்கமான ஆற்றிய தேநீருக்காக, “ரெண்டு தே தாரேக்கா?” என்று கேட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

“அந்த அறையில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றேன். “தொட்டியச் சொல்றாங்கன்னு ஒரு வார்த்த.”

சரவணன் முன்னால் வந்த தேநீர் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். “சொல்லத்தான் வாயெடுத்தேன் அக்கா. சொன்னா அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும். கம்பெனி போயிரும். அத நம்பி எத்தன குடும்பம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

“அதுக்கு நானா கெடச்சேன்?”

“உங்களுக்கு ஊர் இருக்கு அக்கா.” இப்போது நிமிர்ந்து பார்த்தார். “மிஞ்சிப்போனா அனுப்பிவைப்பாங்க, நீங்க ஊருக்குப் போயிருவீங்க. அங்க உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு எங்க இருக்கு? எங்க தாத்தா காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம், இன்னும் எங்கருந்து வந்தேன்னு கேக்குறாங்க. நான் விழுந்தா எந்திரிக்க இடம் இல்ல.”

அவர் நடிக்கவில்லை. அதனால்தான் அது என்னை அவ்வளவு சுட்டது. என்னைக் கைவிடுவதற்கு அவர் தேடிய காரணம், எனக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது என்பது. கஷ்டப்பட்டு யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். அந்தக் கணக்கில் நான் எப்போதுமே போகப்போகிற ஆளாகத்தான் இருந்திருக்கிறேன், அக்கா என்று கூப்பிட்ட அத்தனை நாளும். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நிறுவனத்துக்கு அபராதம் போட்டார்கள். கட்டிவிட்டு, முறைப்படி விண்ணப்பித்து, பெர்மிட்டும் வாங்கிவிட்டார்கள். அந்த எல்லைக் காவல் வியாபாரமும் நடந்தது. இப்போது டயர் கடைக்கு மேலே அவர்கள் இல்லை, கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். என் மீது குற்றமில்லை என்று சொல்லிப் புவான் ரோஹானா என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். ஓர் உறுதிமொழியை என் பக்கம் நகர்த்தினார். அந்த மென்பொருளின் வழிமுறையை, அனுமதி இல்லாமல், இந்த நாட்டுக்கு வெளியே யாருக்கும் எந்த வடிவிலும் தெரிவிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

“என்னிடம் ஒரு கோப்பும் இல்லையே புவான்,” என்றேன். “கணினியைக்கூட அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.”

அவர் தன் நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினார். “இங்கே இருப்பதும் பாராங்தான்.” பாராங் என்றால் சரக்கு. கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சரவணன் சொன்ன பொய்யே நிலைத்து, நான் தோட்டத்து உதவியாளராகவே இருந்திருந்தால் இந்தக் கையெழுத்து தேவைப்பட்டிருக்காது. உண்மையை நிரூபித்ததால் வந்த பூட்டு அது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த தீபாவளிக்கு லெட்சுமி அம்மா கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. “ஏம்மா வர்றதே இல்ல? சரவணன் கிட்ட கேட்டா உனக்கு வேல ஜாஸ்தின்னு சொல்றான் லா.” மறுக்க முடியாமல் போனேன். சரவணன் வாசலில் நின்று, “வாங்க அக்கா,” என்றார். அம்மா பரிமாற, நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ட்ரோன் எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டார். நல்லாப் போகுதும்மா என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் எனக்கு இன்னொரு கரண்டி கறி வைத்தார். அந்த வீட்டுக்கு அதன் பிறகு நான் போகவில்லை.

இப்போது புது வேலை அனுமதியில், செடெனாக்கில் ஒரு தோட்ட நிறுவனத்தில் வேலை. வெளியிலிருந்து வாங்கிய ட்ரோனை ஓட்டி, ஓலைக்கு மேலே உரம் தூவுகிறேன். ஓலைக்குக் கீழே அது போகாது. அங்கே இன்னும் பெண்கள்தான் முதுகில் டின்னோடு நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் என் வேலையைச் செய்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் தம்பி கதிரேசன் தென்னைக்கு நடுவில் கோகோ போட்டிருக்கிறான். பக்கத்து ஊர் மகளிர் குழுவிடம் வாடகைக்கு ட்ரோன் எடுத்து மருந்தடிக்க ஆள் வைத்திருந்தான். ட்ரோன் தோப்பின் ஓரம்வரை வந்தது. தென்னைக்குக் கீழே நுழைந்ததும் தடுமாறி, வெளியே திரும்பிவிட்டது. மறுபடி விட்டார்கள், மறுபடி திரும்பியது. ஓட்டிய பெண், உள்ளே சிக்னல் இல்லைங்க என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டினாள்.

கதிரேசன் என்னைப் பார்த்தான். “ஏக்கா, இத உள்ள உடறதுக்கு வழியே இல்லியா? நீ அங்க இதானே பண்ணிட்டு இருந்தே?”

“இருக்குது,” என்றேன்.

“சொல்லு. நம்ம பாலிடெக்னிக் பசங்க ரெண்டு பேரு இருக்கறாங்க. செஞ்சுருவாங்க.”

ஒரு ஈர்க்கை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். மண்ணில் வட்டம் வட்டமாக மரங்களைப் போட்டேன். கேமரா எங்கே இருக்கும் என்று ஒரு புள்ளி வைத்தேன். அதிலிருந்து முதல் மரத்துக்கு ஒரு கோடு, அடுத்த மரத்துக்கு ஒரு கோடு. கதிரேசனும் எதிரே குந்தினான். மூன்றாவது கோட்டில் என் கை நின்றது. யாரும் பார்க்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புவான் ரோஹானாவுக்கு இது தெரியவே போவதில்லை. ஆனால் ஒழுகவிட்டவள் என்று என்னைச் சொன்னார்கள், நான் இல்லை என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நிரூபித்தேன். இன்றைக்கு நானே ஒழுகவிட்டால், அன்று அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் செய்தது சரி என்று ஆகிவிடும்.

எழுந்து செருப்புக் காலால் எல்லாவற்றையும் அழித்தேன்.

“ஏனக்கா அழிச்சுட்டே?”

“அது மலேசியாவோடது கதிரு.”

நான் விளையாடுகிறேன் என்று அவன் சிரித்தான். “மண்ணு நம்முளுதுதானே,” என்றான்.

மண் எங்களுடையதுதான். அப்பா வாங்கியது, பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. நான் அழித்த இடத்தில் மூன்றாவது கோட்டின் நுனி மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கதிரேசன் தண்ணீர் திருப்பிவிடப் போனதும், அதன் மேல் காலை வைத்து நின்றுகொண்டேன்.